இடம், வலம்

முப்பத்தெட்டு நொடிக் காணொளி.
ஸ்கோப்பியே, ஆற்றோரம், இரவு.
தலைக்கவசம் கழன்ற ஒருவன்
கீழே கிடக்கும் பையனை அடிக்கிறான்.
ஏழு முறை. எண்ணிப் பார்த்திருக்கிறேன்.
எண்ணுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இடம் கண்டுபிடிக்க அரைமணி ஆனது.
பின்னால் வோட்னோ மலை இருக்க வேண்டும்,
இருட்டில் மலை இல்லை,
உச்சியில் விளக்கெரியும் சிலுவை மட்டும்
அந்தரத்தில்.
பாலத்துக் கைப்பிடிக் கம்பிகள், எல்லாம் ஒன்றுபோல.
அதுபோதும், இடம் கிடைத்துவிட்டது.
ஆள்?

ட்ராய்ச்சே முகத்தை மட்டும் கத்தரித்து
இயந்திரத்துக்கு ஊட்டினான்.
காபி ஆறுவதற்குள் பெயர் வந்தது.
பிளாகோயா. தொண்ணூற்றொரு விழுக்காடு.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு
வாயை மூடியிருக்கலாம் அது.
மகளின் சீருடையிலிருந்து பள்ளியைச் சொன்னது.
அவள் முன்பல் விழுந்த மாதத்தைச் சொன்னது.
அடுக்களையில் குடமிளகாய் சுடும் படத்தில்
சன்னல் கண்ணாடியில் எதிர்வீட்டுக் கூரை தெரிய,
தெருவைச் சொன்னது,
மூன்றாவது மாடி என்றது.

"எல்லாம் அவரே போட்டதுதானே," என்றான் ட்ராய்ச்சே.
"நாம் எந்தப் பூட்டை உடைத்தோம்?"
உண்மைதான். சன்னல் திறந்துதான் இருந்தது.
புகை வெளியே போகத் திறந்தது.

ஒரு தழும்பு இருக்கிறது.
காணொளியில் அடிப்பவனுக்கு இடது புருவத்தில்.
பிளாகோயாவின் படங்கள் எல்லாவற்றிலும்
வலது புருவத்தில்.

படத்தைத் திருப்பிப் போடுகிறவர்கள் உண்டு,
நிறுவனங்களின் கண்ணில் படாமலிருக்க.
அனுப்பியவரோ கணக்கை அழித்துவிட்டார்.
எழுத்தொன்று கிடைத்தால் போதும்:
கடைப் பலகை, பேருந்து எண், சட்டைப் பட்டை.
பதினொரு இரவுகள்
ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தித் தேடினேன்.
எழுத்தே இல்லாத இருட்டு.
சிலுவை இருக்கிறது.
சிலுவைக்கு இடமும் வலமும் ஒன்று.

இயந்திரத்துக்கும் அப்படித்தான்.
முகமும் முகத்தின் பிம்பமும் வேறல்லவென்று
பழக்கியே வளர்த்தார்களாம்.
அதன் தொண்ணூற்றொன்றுக்கு
தழும்பு ஒரு தூசு.
மிச்சமிருக்கும் ஒன்பதில்
மூன்று பேர் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள்.

அறிக்கையில் பெயர் போடவில்லை.
'அடையாளம் உறுதியாகவில்லை' என்று
என் கையெழுத்தைப் போட்டேன்.
இயந்திரம் கையெழுத்துப் போடுவதில்லை.

இதோடு முடிந்திருந்தால்
நான் நல்லவளாகவே தூங்கப் போயிருப்பேன்.

அக்டோபரில் நெவென்கா வந்தார்,
பையன் தம்யானின் அம்மா.
கோட்டைக் கழற்றவில்லை, காபி வேண்டாமென்றார்.
அவனுக்கு ஒரு காது இனிக் கேட்காது,
எந்தக் காதென்று நான் கேட்கவில்லை.
"உங்கள் மெஷினுக்குத் தெரியுமாமே," என்றார்.
"அதற்குத் தெரிந்தது உங்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்?"

தழும்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.
இடது என்றேன், வலது என்றேன்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
எந்தப் பக்கம் பொய் இருக்கிறதென்று
தேடுவதுபோல.
போகும்போது கதவை மெல்லச் சாத்தினார்.
ஓங்கி அறைந்திருக்கலாம்.

அன்று வீட்டுக்குக் காரணமில்லாமல்
சுற்றுவழியில் நடந்தேன்.
காரணமில்லாமல் என்று எழுதியதை
அடிக்காமல் விடுகிறேன், நீங்களே பார்க்கட்டும் என்று.

தெருவெல்லாம் மிளகாய் சுடும் வாசம்.
தலை தானாக நிமிர்ந்தது.
ஒன்று, இரண்டு,
மூன்றாவது மாடியில் விளக்கெரிந்தது.
சன்னலைச் சாத்த ஒரு கை நீண்டது.
கீழே நின்றிருந்த எனக்கு
அது அவருடைய எந்தக் கை என்று
சொல்ல முடியவில்லை.