மனிதருக்கு அல்ல

காலை ஏழு பத்து. துர்க்குவில் இன்னும் விடியவில்லை.
ஔரா ஆறு உறைந்து கிடக்கிறது,
அதன்மேல் யாரோ விட்டுப்போன சைக்கிள் ஒன்று, திங்கட்கிழமையிலிருந்து.
ஹில்க்கா கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தபடி
ஆய்வகத்துக்குள் வருகிறாள்.
குப்பியை என் பக்கம் நீட்டுகிறாள்.
மூடியைத் திருகிக் கொடுக்கிறேன்.
பதினொரு மணிக்கு மேல் அவளே திறந்துகொள்வாள்.
இதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அடைகாப்பானில் குடுவைகள் ஆடிக்கொண்டிருக்கின்றன.
என்றோ செத்துப்போன வெள்ளெலி ஒன்றின் சூலகச் செல்கள்,
சாவதற்கு மறந்துபோனவை.
அவற்றுக்குள் மனித மரபணு ஒன்றை வைத்திருக்கிறோம்.
எந்த மனிதருடையது?
தரவுத்தளத்தில் எண் இருக்கிறது, ஆள் இல்லை.
வெள்ளெலிக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை;
கொடுத்ததைப் படித்து
எழுத்துப் பிசகாமல் புரதம் நெய்கிறது.

இந்த ஏற்பிக்கு உடம்பில் வேறு வாழ்க்கை.
செல்லின் சவ்வில் பாதி வெளியே, பாதி உள்ளே நிற்கும்.
வெளியே இருப்பது பிடிக்கும்.
உள்ளே இருப்பது சொல்லும்:
வந்துவிட்டது, எழு, வீங்கு, காய்ச்சலை மூட்டு.
நாங்கள் சவ்வுக்குச் சற்று மேலே வெட்டிவிட்டோம்.
இனி அது பிடிக்கும், அவ்வளவுதான்.
வெட்டிய இடத்தில் ஆறு ஹிஸ்டிடின்களை வாலாகத் தைத்தோம்,
நிக்கல் மணிகளில் தொற்றிக்கொள்ள.
இமிடசோல் ஊற்றினால் மணிகளை விட்டுவிட்டு
ஒன்பதாம் குழாயில் இறங்குகிறது,
தண்ணீர்போல.
தண்ணீரில்லை என்று சொல்ல ஒரு கருவி வேண்டும்.

அது பிடிக்கும் பொருளின் பெயர் கட்டிநசிவுக் காரணி.
ஹில்க்காவிடம் கட்டி ஏதும் இல்லை.
விரல் முட்டிகள்தான்.
எட்டு வருடமாக வெள்ளி இரவுகளில்
தொடையில் ஓர் ஊசி போட்டுக்கொள்கிறாள்.
அந்த மருந்தும் இதே ஏற்பிதான்,
இதேபோல் வெட்டியது,
இதே வெள்ளெலியின் வம்சத்தில் நெய்தது;
வால் மட்டும் வேறு.
ஒருநாள் சிற்றுண்டி அறையில்
கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்:
"என் சம்பளமும் அதுதான், செலவும் அதுதான்."
கெத்துனென் மட்டும் சிரித்தார்.

இரண்டு வெள்ளியாக மருந்தகத்தில் இருப்பு இல்லை.
இருபதாம் தேதிக்கு மேல் வரும் என்கிறார்கள்,
எந்த மாதத்து இருபது என்று சொல்லவில்லை.

இன்று நாற்பது மில்லிகிராம் கிடைத்தது.
நல்ல தொகுதி. ஜெல்லில் ஒரே பட்டை,
திட்டு இல்லை, நிழல் இல்லை.
குப்பிகளில் பிரித்து ஊற்றினாள்,
ஒவ்வொன்றாக என்னிடம் வந்தது, மூடினேன்.
கடைசிக் குப்பி வரவில்லை.

அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.
குமிழி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு
இவ்வளவு நேரம் ஆகாது.
நான் திரும்பி மையச்சுழற்சிக் கருவியின் மூடியைத் துடைத்தேன்.
அது சுத்தமாகத்தான் இருந்தது.
பிறகு அச்சுப்பொறி கரகரத்தது,
லேபிள்கள் நாக்குபோல் வெளியே வந்தன:
ஆய்வுக்கு மட்டும். மனிதருக்கு அல்ல.
தானே ஒட்டினாள். கோணலாக.
பிய்த்து மறுபடி ஒட்டினாள்.

பெட்டி லியூப்லியானாவுக்குப் போகிறது.
சுங்கப் படிவத்தில் ஒரு கேள்வி:
உள்ளிருப்பது மனிதரிடமிருந்து எடுக்கப்பட்டதா?
இல்லை என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
"எலின்னு எழுதட்டுமா?" என்றாள்.
"எழுது."
உலர்பனியைக் கரண்டியால் அள்ளிப் போட்டேன்,
புகை அவள் மணிக்கட்டு வரை வந்து கலைந்தது.

பதினொரு மணி ஆயிற்று.
இரண்டு ஆயிற்று. இன்னும் குப்பிகள்
என் பக்கமே வந்துகொண்டிருந்தன.

நான்கரைக்கு மறுபடி இருட்டு.
வாசலில் மேலங்கியை மாட்டிக்கொண்டு
ஜிப்பை என் பக்கம் திருப்பி நின்றாள்,
பேருந்து வருகிறதா என்று எனக்கு மேலாகப் பார்த்தபடி.
கழுத்து வரை இழுத்துவிட்டேன்.