நு

நான்கு வருடமாய்
சுழியம் புள்ளி ஒன்பதிலேயே நின்றது எங்கள் கருவி.
நிச்சயம் முடிந்து தேதி குறிக்காத கல்யாணம் என்பாளாம்
ஷோரேனாவின் அம்மா.

இன்று மார்ச் பதினொன்று, திபிலிசியில் மழை.
பழைய தையல் ஆலையின் இரண்டாம் மாடியில்
ஹிடி, ஒன்று புள்ளி சுழியம்.

ஹிடி என்றால் பாலம்.
ஒரே கோப்பை இருவர் இருவிதமாய்த் திருத்திவைத்தால்
சத்தமில்லாமல் சேர்த்துக் கொடுக்கும்.
முடியாத இடத்தில் மட்டும் நின்று
இனி உங்கள் பாடு என்று விட்டுவிடும்.

அறுபது பேர் பெயர் கொடுத்தார்கள்,
வந்தது பதினேழு.
அறுபது பேருக்கான ஹச்சாபுரி
பெட்டி பெட்டியாய் ஆறிக்கொண்டிருந்தது.
ஸ்டிக்கர்கள் சுங்கத்தில்.
புரொஜெக்டர் எல்லா முகத்திலும் பச்சை பூசியது.
ஷோரேனா விசையைத் தட்டினாள்.
எண் மாறியது.
அவ்வளவுதான். யாரோ தும்மினார்கள்.

எங்கள் ஊரில் சும்மா குடிக்க முடியாது,
ஒருவர் எழுந்து பேசியாக வேண்டும்.
ஒதார் எழுந்தான்.
முதல் குவளை சமாதானத்துக்கு.
இரண்டாவது, பராகுவேயிலிருந்து
'உங்கள் கருவி என் மதியத்தைத் தின்றுவிட்டது'
என்று எழுதிய முகம் தெரியாத மனிதனுக்கு.
மூன்றாவது, நம்மோடு இல்லாதவர்களுக்கு:
'வக்தாங் எழுதிய ஆறாயிரம் வரிகள்
இன்றைய வெளியீட்டில் ஒன்றுகூட இல்லை,
ஆனாலும் அவற்றின் மீது ஏறித்தான்...'
'நான் இங்கேதான் இருக்கிறேன்'
என்றான் வக்தாங், வாய் நிறைய ரொட்டியோடு.

எனக்குக் குவளை வராது, தெரியும்.
நான் எழுதியது உதவிப் பக்கங்கள்.
மருந்துச் சீட்டின் பின்புறம் மாதிரி
அவை இருக்க வேண்டும், படிக்க வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது.
ருஸ்தாவியிலிருந்து மினிபஸ்ஸில் வந்தவள்,
குடையில்லை, பெயர் ட்சியூரி.
கோட்டுக்குள்ளிருந்து எடுத்த பிளாஸ்டிக் உறையில்
என் பக்கங்கள்.
அச்சடித்து, துளையிட்டு, கயிறு கட்டி
ஓரமெல்லாம் பென்சில்.

'இதை எழுதியது யார்?'

பதினேழு பேரும் என்னைக் காட்டினார்கள்.
நான்கு வருடத்தில் முதன்முறையாக
யாரோ கேட்ட கேள்வி.
பெருமையா பயமா என்று தெரியாமல்
கையைத் துடைத்துக்கொண்டேன்.

பக்கம் முப்பத்தொன்று.
'சேர்த்து முடியும்வரை பழைய கிளையை அழிக்காதீர்கள்'
என்றுதான் நினைத்து எழுதினேன்.
எங்கள் மொழியில் 'நு' என்றால் வேண்டாம்.
இரண்டே எழுத்து, வினைக்கு முன்னால் நிற்கும்.
நிற்கவில்லை.
அழிப்பீர்கள் என்றது வாக்கியம்.
அழித்தாள்.
மருந்துக் கிடங்கின் இருப்புக் கணக்கு,
இரண்டு நாள், இரண்டு இரவு
கையால் எண்ணியிருக்கிறார்கள் மாத்திரைப் பெட்டிகளை.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
'மற்றதெல்லாம் சரியாக இருந்தது,
அதனால்தான் இதையும் நம்பினேன்' என்றாள்,
குற்றம் சொல்லும் குரலில் அல்ல,
கணக்குச் சொல்லும் குரலில்.

மடிக்கணினியைத் திறந்தேன்.
ந, உ. ஓர் இடைவெளி.
ஹிடி ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொண்டது.
ஒன்று புள்ளி சுழியம் புள்ளி ஒன்று.
ஷோரேனா கடிகாரத்தைப் பார்த்தாள்:
நான்கு வருடம் காத்திருந்த பதிப்பு
இரண்டு மணி நேரம் பத்து நிமிடம் வாழ்ந்தது.
அவள் சிரித்தபோது
வயர் மேல் தடுக்கி மைக் விழுந்து
கட்டிடம் முழுக்க ஊளையிட்டது.

ஒதார் குவளையோடு எழுந்தான்.
என்ன சொன்னான் என்று கேட்கவில்லை நான்.
ட்சியூரி நாலு ஹச்சாபுரிப் பெட்டிகளை
கிடங்கின் இரவு வேலைக்காரர்களுக்கென்று
கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.
பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு
முப்பத்தொன்றில் ஒரு டிக் அடித்து
தாளைப் புரட்டினாள்.

'முப்பத்திரண்டிலும் ஒன்று இருக்கிறது.'