பிடித்தம்

பேசின் பிரிட்ஜில் சிக்னல் விளக்கு துடைக்கிற வேலை.
அவர் செத்த எட்டாம் மாதம் கொடுத்தார்கள்.
ஏணி, மண்ணெண்ணெய்த் துணி, மூன்று நிறம்.
சிவப்பைத் துடைக்கும்போது கை சிவப்பாகும்.
பச்சையைத் துடைக்கும்போது
கீழேயிருந்து சீக்கிரம் இறங்கச் சொல்வார்கள்.
இருபத்தொன்பது வருடம்.

தொண்ணூற்றெட்டில் ஒரு மஞ்சள் லென்ஸ்
கைதவறி ஜல்லிமேல் விழுந்தது.
கோட்டீஸ்வரி, ஹெல்பர், கவனக்குறைவு
என்று மெமோ.
நாலு மாதச் சம்பளத்தில்
நூற்றிருபது நூற்றிருபதாகப் பிடித்தார்கள்.
காசு கட்டியாச்சு, அப்போ பொருள் என்னுது என்று
பொறுக்கி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுக்கொண்டேன்.
மருமகள் அதை இரண்டு முறை குப்பைக்கு எடுத்துப்போய்
இரண்டு முறையும் திருப்பிக் கொண்டுவந்தாள்.

அறுபத்தொன்றில் ஆரம்பித்தேன்.
போனில் ஒருத்தி கண்ணாடி வெட்டினாள்.
எந்த நாட்டுப் பாஷையோ,
சத்தத்தை அணைத்துவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன்.
கீறு. திருப்பு. தட்டு.
பத்து நாள் எல்லாம் கோணலாகவே உடைந்தது.
அப்புறம் சத்தத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது,
கீறும்போது வரவேண்டிய ஒலி ஒன்று இருக்கிறது.
ஈரத் துணியில் இஸ்திரிப் பெட்டி போகிற மாதிரி.

தேவராஜ முதலி தெருவில்
வெட்டி மிஞ்சியதைக் கிலோக் கணக்கில் தருகிறார்கள்.
"எந்தக் கோயிலுக்கும்மா?"
"பாத்ரூமுக்கு."
எடையில் கொஞ்சம் தாராளமாகப் போட்டார்.

தண்டையார்பேட்டை, வாரிய வீடு, மூன்றாம் மாடி,
குளியலறை வென்டிலேட்டர், ஒன்றரைக்கு ஒன்று.
அதன் வழியே தெரிவது
அடுத்த பிளாக்கின் கழிவுநீர்க் குழாயும்
தூரத்தில் மணலியின் தீயும்.
வேறென்ன செய்ய, அதைத்தான் செய்தேன்.
வானத்துக்கு அழுக்கு நீலம்.
புகைக்கு சோடா பாட்டில் பச்சை.
தப்புதான். எங்கள் புகை அப்படி.

விரல் கிழிந்துகொண்டே இருந்தது.
சுகர் பார்க்கிற மிஷினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்,
எப்படியும் ஒரு சொட்டு வரப்போகிறது, வீணாவானேன்.
நூற்றெண்பத்திரண்டு. நூற்றெழுபது. இருநூற்றுப் பத்து,
அன்றைக்குப் பக்கத்து வீட்டில் காதுகுத்து.

தீக்குத்தான் நிறம் அமையவில்லை.
வாங்கிய ஆரஞ்சு வெறும் ஐஸ் குச்சி.
சிவப்பு குங்குமம்.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தேன்.

விரல் தடிமன், உள்ளே வளையம் வளையமாக வரி.
கட்டர் அதன்மேல் வழுக்கியது.
சரி, ஜல்லி எப்படி உடைத்ததோ அப்படியே இரு என்று
அந்த உருவத்திலேயே ஒட்டினேன்.
ஒரு துண்டு மட்டும் எங்கேயும் உட்காரவில்லை.
அது இன்னும் பாட்டிலில் இருக்கிறது.

இடுக்குக்குப் பூசுகிற சிமெண்டை ஜான்சிதான் குழைத்தாள்,
இட்லி மாவுப் பதம் என்று அவளே கண்டுபிடித்து.
மூக்கில் சாம்பல் ஒட்டியிருக்கக் கேட்டாள்:
"அத்தை, அப்போ எவ்ளோ பிடிச்சாங்க?"
"நானூத்தி எண்பது."
"ஜாஸ்தி."

நாலு நாற்பதுக்கு
இரண்டு பிளாக்குக்கு நடுவில் சூரியன் வரும்.
பதினோரு நிமிஷம்.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன்.
மஞ்சள் முதலில் கொடியில் கிடந்த துண்டில்,
பிறகு சோப்பு டப்பாவில்,
பிறகு என் முழங்காலில்.

வெளியே பேரன் லோகித் கதவைத் தட்டுகிறான்,
ஸ்கூல் விட்டு ஓடிவந்தவன், அவசரம் அவனுக்கு.

மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.
அடுத்தது சிவப்பாக இருக்கலாம், பார்த்து வா.

"இருடா" என்றேன்.