வெள்ளிக்கிழமை விளக்கு

ஷுவைக்கில் என் கடை வாசலில் மட்டும்
எரிவதில்லை அந்த மஞ்சள் விளக்கு.
"வல்லாஹி, போன வெள்ளிக்கிழமை வந்தது"
என்கிறார் அபூ நூரா,
பொய்சாட்சிக்குப் பிடித்து வந்தவர் போல வேர்த்து.

ஸ்கேனரில் பழைய கோடு கிடக்கிறது:
இடது பின்சக்கர சென்சார்.
அதை வேறொரு கடையில் மாற்றியாகிவிட்டது,
முப்பத்தெட்டு தினாருக்கு.

பேட்டரி பன்னிரண்டரை. ஃபியூஸ் சரி. எர்த் சரி.
வயரை ஆட்டிப் பார்த்தேன்,
வேகத்தடையில் நாலு தடவை ஏற்றி இறக்கினேன்.
டாஷ்போர்டு வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்றேன்.
மகளை அழைத்து வருவாராம். சாயங்காலம்
சல்வாவில், அவள் அம்மா வீட்டில்
திரும்ப விடுவாராம்.
எங்கே உட்காருவாள்?
பின்னால், இடப்பக்கம்.

எட்வினை அங்கே உட்காரச் சொன்னேன்.
டிங்.

சீட்டைத் தூக்கினால்
சிப்ஸ் துகள், ஒரு ஊதா ஹேர்கிளிப்,
சீட்டுக் கம்பி அழுத்தித் தோலுரிந்த வயர்.
டேப் சுற்றித் தள்ளிக் கட்டினேன்.
அஞ்சு தினார்.

"இனி வராதே?"
வராது.

கிளிப்பை நீட்டினேன்.
இருந்த இடத்திலேயே போடச் சொன்னார்,
வயரில் படாமல்.