பன்னிரண்டு வாரம் கழித்து

புந்தா அரேனாசில் காற்று முற்றும் நாளில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
ஏழு மாத வயிற்றோடு
கயிறு பிடித்தே போய்ச் சேர்ந்தேன்.

மருத்துவச்சி ரூத் மான்சியா
கையுறை மாட்டிக்கொண்டு
"கொஞ்சம் எரியும்" என்றாள்.
எரியவில்லை. வாசனைதான் வந்தது.
"வினிகரா?"
"கிட்டத்தட்ட."

சின்னத் திரையில் என் கருப்பையின் வாய்.
இருபத்தெட்டு வருடம் என்னோடு இருந்தும்
அறிமுகமில்லாத முகம்.
அதில் ஓர் ஓரம் மட்டும்
மெல்ல மெல்ல வெளுத்தது,
சன்னல் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல.

"புற்றா?"
"இல்லை. வைரஸ்.
ஆகலாம், ஆகாமலே போகலாம்.
இப்போது தொடமாட்டோம்.
பிள்ளை பிறந்து பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்ப்போம்."
"வெளியே இருக்கும் மருக்கள்?"
"வயிற்றில் பிள்ளை இருந்தால் எல்லாமே வளரும்,
கூந்தல், நகம், அதுவும்."

யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை.
கேட்டதுபோலவே பதில் சொன்னாள்:
"போன வருடமா, பத்து வருடம் முன்பா,
இது தேதி போட்டுக்கொண்டு வருவதில்லை, யாஸ்னா."

திரும்பும் வழியில்
கயிற்றின் முடிச்சுகளில் எண்ணினேன்.
நிபால்தோ.
அவனுக்கு முன் எல்லை தாண்டி லாரி ஓட்டியவன்.
அவனுக்கும் முன், பத்தொன்பது வயதில் ஒருவன்;
பெயர் மறந்துவிட்டது,
பச்சைக் கம்பளித் தொப்பி நினைவிருக்கிறது.
நிபால்தோவின் கயிற்றில் எத்தனை முடிச்சோ,
எந்தெந்தத் துறைமுகமோ.

இரவு நண்டுப் படகிலிருந்து கூப்பிட்டான்.
விட்டுவிட்டுக் கேட்டது குரல்.
சொன்னேன்: வைரஸ், வெள்ளை, பன்னிரண்டு வாரம்.
என்ஜின் சத்தம்.
"பிள்ளைக்கு?"
"தொண்டையில் வரலாமாம். ரொம்ப அபூர்வமாம்.
வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லையாம்."

பிறகு நீளமாய் ஒரு மௌனம்.
அவன் ஒரு பெயர் கேட்டிருக்கலாம்.
நான் ஒன்று கேட்டிருக்கலாம்.
இருவருக்கும் அதில் இடமிருந்தது.

"கூரையில் வடக்குத் தகரம் தாங்குதா?" என்றான்.
"ஓர் ஆணி ஆடுது."
"தொடாதே. ஏணியில் ஏறாதே.
நான் வந்து பார்க்கிறேன்."

தொடர்பு அறுந்தது.
ஆணி மட்டும் டக், டக் என்றது, விடியும்வரை.
எழுந்துபோய் வினிகர் புட்டியை
அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளினேன்.
சற்று நின்று
மறுபடி முன்னால் எடுத்து வைத்தேன்.
காலையில் வெங்காயத்துக்கு வேண்டும்.