தெறியோட்டை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு
பதினைந்து நிமிசம் இங்கிலிஷ்.
விரலில் இன்னும் பருப்பு மணம்.
வெள்ளிக்கிழமை வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் வருகினம்,
என்ன வேலை எண்டு கேட்டால்
வாய் திறக்க வேணுமாம்.

அட்டையில் என் மெஷினின் பெயர்
மூன்றாய் வெட்டிக் கிடக்கிறது:
பட். டன். ஹோல்.
முதல் துண்டின் நெற்றியில் சின்னக் கோடு,
கத்தரித்து விழுந்த நூல்தும்புபோல.
என்னைவிட ஏழு வயது இளைய துளசிகா மிஸ் சொல்லுறா:
"அழுத்தம் அங்கதான். ஹோலை மெல்ல விடுங்கோ அக்கா.
அழுத்தினால் ரெண்டு சொல்லாய்ப் பிரிஞ்சிடும்,
தெறி வேற, ஓட்டை வேற."

நான் அழுத்தினேன்.
இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தில், பாலைமரத்துக்குக் கீழ்
அசை பிரித்த வாய் இது.
குறிலும் ஒற்றும் நேர். நெடிலும் ஒற்றும் நேர்.
நேர் நேர் நேர், தேமாங்காய்.
மூன்றுக்கும் ஒரே நிறை.
ஒன்றைத் தூக்கி ஒன்றை விழுங்க
எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அட்டையின் பின்பக்கம் வீட்டுச் சொல்லை எழுதினேன்.
தெறி. யோட். டை.
நிரை நேர் நேர், புளிமாங்காய்.
யசோமலர் எட்டிப் பார்த்து
"உப்பும் தூளும் இருக்கோ?" என்றாள்.

மெஷினுக்கு இது விளங்கும்.
அது ஓட்டையை முதலில் செய்வதில்லை.
இந்தக் கரை, அந்தக் கரை, இரண்டு முனை,
எல்லாம் நெருக்கித் தைத்து முடித்து
கடைசியில்தான் கத்தி இறங்கும்.
ஒரு சின்னச் சத்தம்.
துணிக்கே தெரியாத மாதிரி.
சேட்டுக்கு ஏழு.

விசுவமடுவில் என் குசினிக்குப் பழைய தகரம்.
ஆணி அடித்த ஓட்டையும் உண்டு,
ஆணி அடிக்காததும் உண்டு.
அவற்றின் கரையை
ஒருவரும் தைத்துவிட்டு வெட்டவில்லை.
காலமை நாலரை, கம்பெனி பஸ் வர முன்னம்
தேத்தண்ணி கொதிக்குமட்டும் சொல்லிப் பார்க்கிறேன்:
பட்டன்,
ஹோல்.
மெல்ல.
இல்லை, இன்னும் மெல்ல.

வெள்ளிக்கிழமை வந்தவர் என்னிடம் நிற்கவில்லை.
யசோவிடம் குனிந்து எதையோ கேட்டார்.
பதறிப்போய் அவள் "தெறியோட்டை" என்றாள்.
அவரும் சொல்லிப் பார்த்தார், இரண்டு தரம்.
தெறியை விட்டுவிட்டு
முழுப் பாரத்தையும் ஓட்டையில் வைத்தார்.
பிறகு கொப்பியில் எழுதிக்கொண்டார்.
கோட்டை எங்கே போட்டாரோ.

துளசிகா மிஸ் நெற்றியில் கை வைத்தா.
எனக்குச் சிரிப்பு வந்து
அந்தச் சேட்டின் நாலாவது கரை
கோணிப் போனது.