எண்ணெயில் மினுக்கம்

தடைக்காலத்தில்தான் மண்டபம் ஜெட்டியில்
எனக்குச் சோறு.
அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும்,
ஒவ்வொன்றாக வயிற்றைத் திறப்பேன்.
முதல் வேலை, பழைய ஆயிலை வாளியில் இறக்கி
இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்ப்பது.
கருப்பு பரவாயில்லை.
மினுங்கினால் பேரிங் போச்சு.
சொன்னால் ஓனர் நம்பமாட்டார்.
"ஓடுதே இன்னாசி, நல்லாத்தானே ஓடுது?"

நல்லாத்தான் ஓடுகிறேன் நானும்,
பதினான்கு வருஷமாக.
மூட்டுவாதம் தின்ற இடுப்பு,
எஞ்சின் குழிக்குள் இறங்க முடியாமல்
வலைக்குவியல் மேல் உட்கார்ந்து
பையனுக்கு ஸ்பானர் நம்பர் சொல்லிக்கொண்டிருந்த இடுப்பு,
அதை மதுரையில் வெட்டி எடுத்தார்கள்.
உலோகக் குழியில் உலோகப் பந்து.
தேயவே தேயாதாம்.
கிரீஸ் எந்த வழியா விடுறது டாக்டர் என்றேன்.
சிரித்தார்.

வருஷா வருஷம் போன் வரும்.
மாடி ஏற முடியுதா?
முடியும்.
ஷூ கயிறு குனிஞ்சு கட்ட முடியுதா?
கட்டினதே இல்ல தாயி.
எழுதிக்கொண்டாள், என்ன எழுதினாளோ.

இந்த வருஷம் போன் இல்லை, கடிதம்.
அந்த மாதிரிப் பந்து போட்டவர்கள் எல்லாரும்
இரத்தம் கொடுக்க வரவும்.
வலி இல்லாதவர்களும்.
கடைசி வரிக்கு அடிக்கோடு.

ஊசி போட்ட பையன் குழாயை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது
நானும் எட்டிப் பார்த்தேன்.
மினுங்கவில்லை.
கோபால்ட் கண்ணுக்குத் தெரியாதாம்,
அதற்கு மெஷின் இருக்கிறதாம்.

கொஞ்சம் கூடுதல். பயப்படும் அளவு இல்லை.
ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.
அப்போது வாடை அடிக்கும்,
பாம்பனில் கூண்டு ஏற்றியிருப்பார்கள்,
பஸ் ஜன்னல் எதுவும் மூடாது.

எஞ்சின் என்றால் சத்தத்திலேயே பிடித்துவிடுவேன்.
ஸ்க்ரூடிரைவர் நுனியை இரும்பில் ஊன்றி
பிடியைக் காதுக்குக் கொடுத்தால் போதும்.
நேற்று ராத்திரி என் இடுப்பில் ஊன்றினேன்.
காது எட்டவில்லை.
அவ்வளவு வளையக் கூடாது, பந்து நழுவிவிடும்.

அருளாயியை எழுப்பினேன்.
திட்டிக்கொண்டே வாங்கினாள்.
பிடியைக் காதில் வைத்து, நட என்றாள்.
சுவர் வரை நாலடி,
குனிந்தபடி கூடவே வந்தாள்.

"என்ன கேக்குது?"

"பேசாம நட. ஒன் வயிறுதான் இரையுது."

திரும்பி நடந்தோம்,
இந்தத் தடவை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு.